பதினைந்து நாள் குளிர்ந்துவிட்டு நின்றுபோகும் ஃப்ரிட்ஜ்: நான்கு முறை பார்த்த ஒரே பழுது

பின்னணி

ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். நான் சரியாகச் செய்த வேலைகளைப் பற்றி எழுதிக் கொண்டிருந்தால் யாருக்கும் பெரிய பிரயோஜனம் இல்லை, அதனால் நான் தப்புப் பண்ணிய ஒன்றை எழுதுகிறேன். இந்த வீட்டுக்கு நான் போனபோது எனக்கு முன்னால் மூன்று பேர் தப்புப் பண்ணியிருந்தார்கள், நான் நாலாவது.

வீட்டில் ஒரு வயதான தம்பதி, அவர்களுடைய மகள், மருமகன், பள்ளிக்குப் போகும் ஒரு பேரன். ஃப்ரிட்ஜ் இரட்டைக் கதவு, மேலே ஃப்ரீசர், கீழே பெரிய அறை. தானாக ஐஸ் உருக்கிக்கொள்ளும் வகை, எல்லோரும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று சொல்வோமே அது. வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது, இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. டிஜிட்டல் போர்டு எதுவும் கிடையாது, திருகும் குமிழ் வைத்த பழைய பாணி, உள்ளே உருக்கும் வேலைக்குத் தனியாக ஒரு மெக்கானிக்கல் டைமர்.

பெரியவருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்பவர். பிரிக்காத இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவும் கூடாது. பால் திரிந்தால் கொட்டிவிட்டுப் போகலாம், இன்சுலின் கெட்டுப் போனால் பல நேரம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வீட்டில் இருந்த பதற்றத்துக்கு இதுதான் முக்கியக் காரணம். முதல் நாள் அவர்கள் சொன்னபோது நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன் நடந்தது

பிரச்சினை ஆரம்பித்த விதம் வழக்கமானதுதான். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி இருக்கிறது, கீழே வைத்த பால் மட்டும் திரிகிறது. குமிழை அதிகபட்சத்துக்குத் திருகி வைத்தார்கள், எல்லோரும் அதைத்தான் செய்வோம். ஒன்றும் மாறவில்லை. மருமகன் ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, பின்னாலும் அடியிலும் இருந்த தூசியைச் சுத்தம் செய்து, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். சுத்தம் செய்ய ஆரம்பித்தது சாயங்காலம், முடிக்கவே நேரமாகிவிட்டது, சரி காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று ராத்திரி முழுக்க ஆஃப் செய்து கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். காலையில் போட்டதும் அருமையாகக் குளிர்ந்தது. ஆக, தூசிதான் காரணம் என்று முடிவாயிற்று.

18 நாள் கழித்து மறுபடியும் அதே நிலை. இந்த முறை ஒரு மெக்கானிக் வந்தார். தெர்மோஸ்டாட், அதாவது குளிர்ச்சியைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச், போயிருக்கிறது என்றார், பழையதைக் கழற்றிக்கொண்டு போனார், அதே மாதிரி ஒன்று வாங்கி மறுநாள் மாலை மாட்டினார். அதுவரை ஃப்ரிட்ஜ் நின்றிருந்தது. போட்டதும் குளிர்ந்தது. போதாததற்குக் குமிழ் இன்னும் அதிகபட்சத்திலேயே இருந்ததால், குளிர்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டில் ஒரு நாள் பாதி உறைந்தே போயிற்று. புது தெர்மோஸ்டாட் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள்.

அது 15 நாள். அடுத்து வேறொருவர் வந்தார். கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, கீழே குளிர்ச்சி இல்லை, அப்படியென்றால் கேஸ் குறைந்துவிட்டது என்றார். கேஸ் ஏற்றும் வேலைக்கு ஒன்றரை நாள் ஆனது. அதன்பிறகு 17 நாள் பிரமாதமாக ஓடியது.

படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஏதோ உறுத்தியிருக்கும். எனக்கு அப்போது உறுத்தவில்லை, ஏனென்றால் இந்த நாள் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, கேஸும் போட்டாச்சு, இன்னும் சரியாகலை" என்று ஒரே வரியில் சொன்னார்கள், அதை நான் ஒரே வரியாகவே வாங்கிக்கொண்டேன்.

என்னுடைய முதல் வருகை

நான் போனபோது ஃப்ரிட்ஜ் பளபளவென்று துடைத்து, கதவு இரண்டும் திறந்து, காலியாக நின்றுகொண்டிருந்தது. "நீங்க வர்றீங்கன்னு நேத்தே ஆஃப் பண்ணி சுத்தமா வச்சிருக்கோம் தம்பி" என்றார் பெரியம்மா. அந்த அன்புக்கு நான் என்ன சொல்ல முடியும். ஆனால் என் வேலைக்குத் தேவையான சாட்சியம் எல்லாம் முந்தின நாளே தண்ணீராகி, பின்னால் இருக்கும் தட்டில் ஆவியாகிப் போயிருந்தது.

என்ன சாட்சியம் என்று சொல்ல, இந்த வகை ஃப்ரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிர்விக்கும் காயில் (மெல்லிய தகடுகள் கோத்த வளைந்த குழாய்) ஒன்றே ஒன்றுதான், அது ஃப்ரீசரின் பின்பக்கப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு சின்ன ஃபேன் அந்தக் காயில் வழியாகக் காற்றை இழுத்து ஃப்ரீசரில் ஊதுகிறது, அதில் ஒரு பங்கு ஒரு குழாய் வழியாகக் கீழ் அறைக்கு இறங்குகிறது. கீழ் அறைக்கென்று தனியாகக் குளிர்ச்சி எதுவும் கிடையாது, மேலே இருந்து வரும் காற்றை நம்பித்தான் அது இருக்கிறது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போகிறது, அந்த ஈரம் காயிலில் போய் உறைபனியாகப் படிகிறது. படிய விட்டுக்கொண்டே இருந்தால் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அடைபட்டுக் காற்று போகாது. அதனால் கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடியதும் டைமர் கம்ப்ரசரை நிறுத்தி, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறது. இருபது நிமிடம் போல ஹீட்டர் எரிந்து பனி உருகி, தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டுக்குப் போய்விடும்.

ஹீட்டருக்கு இரண்டு காவல். ஒன்று பைமெட்டல், சூட்டைப் பொறுத்துத் தானாகச் சேர்ந்து பிரியும் சின்ன சுவிட்ச். காயில் நன்றாகக் குளிர்ந்திருந்தால் மட்டும் இது சேர்ந்திருக்கும், உருகி முடிந்து பத்துப் பன்னிரண்டு டிகிரி வந்ததும் பிரிந்துவிடும், ஹீட்டர் அணைந்துவிடும். இன்னொன்று ப்யூஸ், பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமலே போனால் சூடு எல்லை மீறும்போது இது ஒரேயடியாக அறுந்துவிடும்.

இப்போது நான் என்ன செய்தேன் என்று பாருங்கள். உருக்கும் வேலை நடக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டேன், அந்தச் சந்தேகம் சரிதான். டைமரை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருகினேன், 'டக்' என்று சத்தம் கேட்டது, கம்ப்ரசர் நின்றது. சரி, டைமர் நல்லாயிருக்கு. கிளாம்ப் மீட்டரில் ஹீட்டருக்குப் போகும் கரண்ட் பார்த்தேன், சைபர். கரண்டை எடுத்துவிட்டு ஹீட்டரை அளந்தேன், 300 ஓம்ஸ், நல்லாயிருக்கு. ப்யூஸ் அளந்தேன், சேர்ந்திருக்கிறது. பைமெட்டலை அளந்தேன், பிரிந்திருந்தது. கிடைத்துவிட்டது திருடன் என்று பைமெட்டலை மாற்றினேன்.

ஃப்ரிட்ஜ் ஒரு நாளாக அறை வெப்பத்தில் திறந்து கிடக்கிறது. அந்த வெப்பத்தில் நல்ல பைமெட்டலும் பிரிந்துதான் இருக்கும், அதன் வேலையே அது! ஹீட்டருக்குக் கரண்ட் போகாததும் அதனால்தான். எனக்கு இது தெரியாமல் இல்லை, புதிதாகத் தொழில் பழக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இன்னொரு வீட்டில் காத்திருந்தார்கள், கையில் புது பைமெட்டல் இருந்தது, மீட்டர் நான் எதிர்பார்த்ததைக் காட்டியது, அவ்வளவுதான் காரணம்.

இன்னொரு தப்பு அதைவிட நுட்பமானது, அதை அப்போது நான் தப்பென்றே நினைக்கவில்லை. டைமரைக் கையால் திருகிச் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் சுவிட்ச் மாறுகிறது என்றுதான் அர்த்தம். அந்த டைமர் தானாகச் சுற்றுகிறதா என்பதை அது காட்டாது. கையால் முள்ளைத் திருப்பினால் நின்றுபோன கடிகாரமும் சரியான நேரத்தைக் காட்டத்தான் செய்யும்.

போட்டதும் குளிர்ந்தது. குளிராமல் எப்படி இருக்கும், உள்ளே ஒரு துளி பனி கிடையாதே.

பதினாறாவது நாள்

மகள்தான் கூப்பிட்டார். "அண்ணா, மறுபடியும் அதே கதைதான். அப்பாவோட இன்சுலின் வேற உள்ள இருக்கு, அதை என்ன பண்றதுன்னு தெரியல." கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அவர் குரலில் களைப்புதான் இருந்தது.

இரண்டு விஷயம் சொன்னேன். இன்சுலினை உடனே நம்பகமான வேறு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், இருப்பதைப் பயன்படுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதை நான் சொல்ல முடியாது. இரண்டாவது, தயவுசெய்து ஃப்ரிட்ஜை ஆஃப் செய்யாதீர்கள். துடைக்க வேண்டாம், கதவைத் திறந்து போட வேண்டாம், எப்படி இருக்கிறதோ அப்படியே ஓடட்டும், கெட்டுப் போகிற பொருளை மட்டும் எடுத்துவிடுங்கள். இதோடு ஒரு சின்ன வேலையும் கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டுக் கீழ் அறையின் நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறந்த கையோடு பார்த்து எழுதி வையுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்த நொடியிலேயே அளவு மாறிவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

மறுநாள் காலை அளவு 13 டிகிரி. இருக்க வேண்டியது 4 டிகிரி பக்கம். ஃப்ரீசரில் பொட்டலங்களுக்கு நடுவே வைத்தபோது மைனஸ் 11, இருக்க வேண்டியது மைனஸ் 18. ஐஸ் கட்டி கட்டியாகத்தான் இருந்தது, அதனால்தான் 'ஃப்ரீசர் நல்லாயிருக்கு' என்று இரண்டரை மாதமாக எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சைபருக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்துவிடும், அது மைனஸ் 11-ஆ மைனஸ் 18-ஆ என்று கண்ணுக்குத் தெரியாது.

இன்சுலினைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்றால், எத்தனை நாள் எந்த வெப்பத்தில் இருந்தது என்று தெரியாத நிலையில் பிரிக்காததையும் சேர்த்து எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது வருகை: பார்த்தது

இந்த முறை போனதும் எதையும் கழற்றவில்லை. முதலில் கீழ் அறையில் காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் மெல்லிய டிஷ்யூ பேப்பரைப் பிடித்து, கதவு திறந்திருக்கும்போது ஃபேனை நிறுத்தும் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டேன். பேப்பர் அசையவே இல்லை. மேலே ஃப்ரீசரில் லேசாக அசைந்தது. காதை வைத்துக் கேட்டால் ஃபேன் சத்தத்தோடு ஏதோ உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஃப்ரீசரின் பின்பலகையில் ஓரமாக வெள்ளையாகப் பனி கசிந்து வந்திருந்தது. முதல் முறை நான் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இதெல்லாம் அப்போதே இருந்திருக்கும்.

அடுத்து டைமர். இந்த மாடலில் அது பின்புறம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் இருந்தது. திருகும் தண்டின் மேலும் உடம்பின் மேலும் நேராக வருகிற மாதிரி மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். ஒரு முழுச் சுற்றுக்கு 8 மணி நேரம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. இந்த மாதிரி டைமர் பலவற்றில் கம்ப்ரசர் ஓடும்போது மட்டும்தான் மோட்டாரும் ஓடும், அதனால் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிற நல்ல ஃப்ரிட்ஜில் இந்தச் சோதனையை அவசரமாகச் செய்தால் ஏமாந்துபோவோம். இங்கே அந்தக் கவலையே இல்லை, கீழே குளிராததால் கம்ப்ரசர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் விட்டால் கோடு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நகர்ந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டரை மணி நேரமும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், உண்மையில் இந்த விவகாரம் பிடிபட்டது அப்போதுதான். பேசிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா தேதிக் காலண்டரைக் கொண்டுவந்தார். யார் வந்தார்கள், என்ன மாற்றினார்கள், எப்போது மறுபடி கெட்டது, எல்லாம் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். "யாராச்சும் கேப்பாங்கன்னு எழுதி வச்சேன் தம்பி, யாரும் கேக்கல" என்றார். யாரும் என்பதில் நானும் உண்டு.

எண்ணிப் பார்த்தோம். சுத்தம் செய்த பிறகு 18 நாள். தெர்மோஸ்டாட்டுக்குப் பிறகு 15. கேஸுக்குப் பிறகு 17. என் பைமெட்டலுக்குப் பிறகு 16. நான்கு வெவ்வேறு வேலை, ஆயுள் மட்டும் ஒன்றுதான். நான்குக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று கேட்டால், நான்கு முறையும் ஃப்ரிட்ஜ் ஒரு ராத்திரியாவது நின்றிருக்கிறது. நின்றபோது காயில் பனி மொத்தமும் உருகியிருக்கிறது. சரிசெய்தது யாரும் இல்லை, சுவிட்சை அணைத்ததுதான் சரிசெய்திருக்கிறது. அடுத்த பதினைந்து நாளில் பனி மறுபடியும் காயிலை மூடும்வரை, கடைசியாக யார் எதை மாற்றினாரோ அவருக்குப் பேர் கிடைத்திருக்கிறது.

இரண்டரை மணி நேரம் கழித்துக் கோட்டைப் பார்த்தேன். போட்ட இடத்திலேயே இருந்தது.

அப்புறம் கரண்டை எடுத்துவிட்டு ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினேன். பனி ஒட்டியிருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. உள்ளே காயிலே தெரியவில்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைச் சுவர். அந்தப் பனி படிந்திருக்கும் விதத்தில்தான் எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம். கேஸ் குறைந்திருந்தால் காயிலின் ஆரம்பத்தில் இரண்டு மூன்று வளைவில் மட்டும் பனி இருக்கும், மிச்சம் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் உள்ளே போகும் கொஞ்சம் கேஸ் அங்கேயே ஆவியாகி முடிந்துவிடும். இங்கே முதல் வளைவிலிருந்து கடைசி வளைவுவரை சமமாகப் படிந்திருந்தது. கேஸ் ஏற்றியதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது, அதனால் அந்த மெக்கானிக் பொய் சொன்னார் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஃப்ரிட்ஜில் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், கசிவு எங்கே என்று கேட்டிருந்தால் அன்றைக்கே அந்தப் பேச்சு முடிந்திருக்கும்.

பனி இருக்கும்போதே, கரண்ட் இல்லாத நிலையில், மீட்டர் வைத்தேன். நான் போட்ட புது பைமெட்டல் சேர்ந்திருந்தது. ஹீட்டர் அதே 300 ஓம்ஸ். ப்யூஸ் சேர்ந்திருந்தது. பாதை முழுவதும் சரி. கரண்ட் போட்டு டைமரைக் கையால் திருகினேன், கம்ப்ரசர் நின்றது, கிளாம்ப் மீட்டரில் 0.8 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 230 வோல்ட் லைனில் 300 ஓம்ஸுக்கு அவ்வளவுதான் வர வேண்டும். ஹீட்டர் எரிகிறது. அதை எரியச் சொல்ல வேண்டியவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

எடுத்த முடிவுகள்

டைமரை மாற்றுவது என்பது ஒரு முடிவு, அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசித்தது மற்ற இரண்டு விஷயத்தில்.

ஒன்று, பனியை எப்படி எடுப்பது. புது டைமரைப் போட்டுவிட்டால் ஹீட்டரே உருக்கிவிடாதா என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. எட்டு மணி நேரத்துப் பனிக்குத்தான் அந்த ஹீட்டர், இரண்டு வாரத்துப் பனிக்கு இல்லை. பைமெட்டல் பக்கத்தில் பனி உருகியதும் அது பிரிந்துவிடும், தூரத்தில் பனி அப்படியே நின்றுவிடும், மறுபடி அதன் மேல் படியும். அதனால் கையால்தான் உருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிண்ணத்தில் சுடுதண்ணீர் வைத்து, கதவை ஒட்டி ஒரு மேசை ஃபேனையும் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் பக்கத்தில் வரவிடவில்லை. காயில் அலுமினியம், ஒரு குத்து போதும் கேஸ் மொத்தமும் வெளியே. இந்த ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த லேபிளில் ஆர் 600ஏ என்று இருந்தது, அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடியது. பனியைச் சுரண்டி எடுக்கும் அவசரத்தில் ஃப்ரிட்ஜையே முடித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உருகிய பிறகு அடியில் இருக்கும் வடிகுழாயில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் பின்தட்டுக்கு வந்தது. இது அடைத்திருந்தால் உருகிய தண்ணீர் அங்கேயே தேங்கி மறுபடி ஐஸாகி, டைமர் நன்றாக இருந்தும் அதே தொல்லை வரும். கதவு ரப்பரில் பேப்பர் வைத்து இழுத்துப் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது.

இரண்டாவது முடிவு, வேலை முடிந்தது என்று எப்போது சொல்வது. எனக்கு முன்னால் வந்தவர்களும் நானும், போட்டதும் குளிர்ந்ததைக் காட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறோம். இந்தப் பழுதுக்கு அது எதையும் நிரூபிக்காது. அதனால் பணம் வாங்காமல் கிளம்பினேன், 40 நாள் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று. 18 நாள்தான் இதுவரை அதிகபட்சம், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடட்டும். வீட்டில் இதை முதலில் ஏதோ பெருந்தன்மை என்று நினைத்தார்கள், பெரியம்மாவுக்குக் காலண்டரைக் காட்டி விளக்கியதும் உடனே புரிந்துவிட்டது. மற்றவர்களைவிட அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

பைமெட்டலுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டலாமா என்றும் யோசித்தேன், நன்றாக வேலை செய்கிற ஒன்றை மறுபடி தொட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

குமிழையும் அதிகபட்சத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். பனி இல்லாத காயிலோடு குமிழ் அதிகபட்சத்தில் இருந்தால் துவாரத்தின் பக்கத்தில் இருப்பது உறைந்துபோகும், அந்தத் தண்ணீர் பாட்டில் உறைந்த மாதிரி. அந்த இடத்தில் இன்சுலின் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. இனி இன்சுலின் துவாரத்திலிருந்து தள்ளி, நடுத்தட்டில், பக்கத்திலேயே ஒரு சின்னத் தெர்மாமீட்டரோடு.

பின்னர் நடந்தது

மறுநாள் காலை கீழே 5 டிகிரி, அதற்கடுத்த நாள் 4. ஃப்ரீசர் மைனஸ் 18. இந்த அளவுகளைப் பார்த்து யாரும் குதிக்கவில்லை, இதே மாதிரி நான்கு முறை பார்த்தாகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜ் திடீரென்று நின்றுவிட்டது, உள்ளே சடசடவென்று ஏதோ சத்தம், தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். அப்படியே விடுங்கள், அரை மணி நேரத்தில் தானாக ஓடும் என்றேன். ஓடியது. தானாகப் பனி உருகும் சத்தம் அது, அந்த வீட்டில் மாதக்கணக்கில் யாரும் கேட்காதது.

15, 16, 17, 18 எல்லாம் கடந்தது. அந்த நாலு நாளும் காலையில் தெர்மாமீட்டரைப் பார்ப்பது வீட்டில் பெரிய விஷயமாக இருந்ததாம், பேரன்தான் அளவை வாசிப்பானாம். 41-ஆம் நாள் நான் போய்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். காயில் தகடுகள் தனித்தனியாகத் தெரிந்தன, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். புது டைமரில் போட்டிருந்த கோட்டின் இடமும் மாறியிருந்தது. அன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது மூன்று மாதம் முடிந்திருக்கிறது.

பழைய டைமரை வீட்டில் பிரித்துப் பார்த்தேன். மோட்டார் சுருள் நன்றாகவே இருந்தது, மீட்டரில் சரியான அளவு காட்டியது. உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அந்த இடம் வந்ததும் பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இந்த டைமரை இன்றைக்கும் நல்லது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

போனில் பேசும்போதே ஆஃப் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன் இப்போதெல்லாம். கருகல் வாசனை வந்தாலோ, ஷாக் அடித்தாலோ உடனே அணைக்க வேண்டும், அது வேறு விஷயம். குளிரவில்லை என்ற புகாருக்கு, நான் போய்ப் பார்க்கும்வரை கெட்ட நிலையிலேயே ஓடிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வேண்டும். ஏற்கெனவே அணைத்துவிட்டார்கள் என்றால் அன்றைக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை, போட்டுவிட்டு, மறுபடி கெட ஆரம்பிக்கும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. வீட்டில் மருந்து இருக்கிறதா என்றும் முதலிலேயே கேட்கிறேன், இருந்தால் அதை முதலில் வேறிடத்துக்கு மாற்றச் சொல்கிறேன்.

என்ன மாற்றினார்கள் என்று கேட்பதோடு, எத்தனை நாள் ஓடியது, நடுவில் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது என்றும் கேட்கிறேன். இந்த இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடம் முதல் நாளே செலவழித்திருந்தால் பெரியம்மா காலண்டரை அன்றைக்கே எடுத்து வந்திருப்பார்.

டைமரில் கோடு போடாமல் அது நல்லது என்று சொல்வதை விட்டுவிட்டேன். பைமெட்டலைக் குளிர்ந்த நிலையில் பார்க்காமல் கெட்டது என்று சொல்வதையும்தான். டிஜிட்டல் போர்டு இருக்கும் ஃப்ரிட்ஜில் டைமரே கிடையாது, உருக்கும் வேலையைப் போர்டும் சென்சாரும் பார்த்துக்கொள்ளும், அங்கே கோடு போட இடம் இல்லை. ஆனால் நாள் கணக்கு அங்கேயும் பேசும், பனி படியும் விதமும் பேசும்.

வீட்டில் இருப்பவர்கள் இதில் எதுவரை தாங்களே செய்யலாம் என்று கேட்டால், தெர்மாமீட்டர், டிஷ்யூ பேப்பர், காலண்டர் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பலகையைக் கழற்றி, கரண்ட் இருக்கும்போது ஹீட்டர் பக்கம் கை வைப்பதெல்லாம் பழகியவர்கள் வேலை, உள்ளே தண்ணீரும் கரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நான் கழற்றிய அந்தப் பழைய பைமெட்டல் என் பையிலேயே கிடந்தது. அந்த 41-ஆம் நாள் வீட்டுக்கு வந்ததும் அதை என் ஃப்ரீசருக்குள் போட்டுவிட்டு, மறுநாள் காலை எடுத்த கையோடு மீட்டரை வைத்தேன். சேர்ந்திருந்தது. மேசை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், சூடேறியதும் 'டிக்' என்று பிரிந்தது.